இரண்டாவது பாட்டின் நடுவில்

“விரல்கூட அசையக் கூடாதும்மா. அசைஞ்சா முதல்லேருந்து எடுக்கணும்.”

ஸ்கேன் எடுக்கும் பெண்மணி சொன்னதற்கு அக்கா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். ஹெட்போனில் என்ன பாட்டு போடட்டும் என்று அவர் கேட்டதும், சின்ன வயதில் நாங்கள் தேயத் தேயக் கேட்ட ஆல்பத்தின் பெயரைச் சொன்னாள்.

ஏதாவது பழைய மெலடி கேட்பாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் தேடிப் போட்டார். முதல் கிதார் உறுமியதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

கூட வந்தவர்கள் வெளியேதான் உட்கார வேண்டும். நான் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டதில் கண்ட்ரோல் அறைக்குள் விட்டு, ஒரு ஸ்டூலும் கொடுத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா குழாய்க்குள் போனாள். இந்தப் பக்கம் ஒரு சின்ன டிவியில், வெள்ளைப் போர்வைமேல் அவள் கைகள் இரண்டும் தெரிந்தன.

இடது கைதான் பிரச்சினை.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். ஃப்ரேமில் போடும் எள்ளளவு திருகை நடுங்காமல் பிடிக்கிற கை அது. கொஞ்ச நாளாகத் திருகுகள் கீழே விழுகின்றன. கேட்டால், இப்பல்லாம் திருகே சரியாக வருவதில்லை என்பாள். போன வாரம் டீ டம்ளர் விழுந்தது. டம்ளரைக் குறை சொல்ல அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. அதன் பிறகுதான் டாக்டரிடம் வரச் சம்மதித்தாள். அவர் தலைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

கை போய்விடுமோ என்று ஸ்டூலில் உட்கார முடியாமல் நெளிந்தேன். ஸ்பீக்கரில் மெல்லக் கேட்ட பாட்டுதான் என்னைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தியது.

சித்தப்பா வெளியூரிலிருந்து வாங்கிவந்த கேசட் அது. அட்டையில் கலங்கரை விளக்கம் இருந்ததால் ஏதோ பொது அறிவு விஷயம் என்று நம்பி, பிள்ளைகள் உருப்படட்டும் என்று கொடுத்தார். போட்ட கொஞ்ச நேரத்தில் அம்மா ஓடிவந்து, மெஷின் நாடாவைத் தின்கிறது என்று பிளக்கைப் பிடுங்கினாள்.

அந்த மாதிரி ராக் இசைக்கு ப்ராக்ரெஸிவ் மெட்டல் என்று பெயர் இருப்பதே பல வருடம் கழித்துத்தான் தெரியும். எங்களுக்கு அது லைட்ஹவுஸ் கேசட். மொத்தமே ஆறு பாட்டு. ஒவ்வொன்றும் முடிகிற மாதிரி முடிந்து மறுபடி தொடங்கும். கிதார் இடிக்கும், சட்டென்று அடங்கும், ஒரு பியானோ மட்டும் தனியாக அழும், அழுது முடிப்பதற்குள் மறுபடி இடி. வராத கப்பலுக்காக ஒரு காவலாளி விளக்கேற்றிக் காத்திருக்கிற கதை என்று நாங்களாகப் புரிந்துகொண்டோம்.

எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. தலையாட்ட ஆரம்பித்தால் தாளம் நம்மை அம்போவென்று விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விடும்.

அக்காதான் கண்டுபிடித்தாள். ஏழு ஏழாக எண்ண வேண்டும், நடுவில் ஒரு தடவை ஐந்து. எண்ணத் தெரிந்த அன்றைக்கு அந்தப் பாட்டு எங்களுக்கு அறை அறையாகத் திறந்தது. அப்படியொரு சந்தோஷம் எனக்குப் பிறகு எந்தப் பாட்டிலும் கிடைக்கவில்லை.

இரண்டாவது பாட்டின் நடுவில் மற்ற வாத்தியமெல்லாம் நின்று டிரம்ஸ் மட்டும் ஓடும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘அந்த இடம்’. அங்கே அக்காவின் இடது கை சும்மா இருந்ததே கிடையாது. பரீட்சைக்குப் படிக்கும்போது புத்தகத்தின்மேல், பஸ்ஸில் கம்பியின்மேல். பாட்டு கேட்க வேண்டும் என்றுகூட இல்லை, மனசுக்குள் ஓடினாலே போதும். கல்யாணத்தன்று போட்டோ எடுக்கும்போது அத்தானின் முழங்கால்மேலேயே வாசித்துவிட்டாள். அது தன்மேல் வந்த ஆசை என்று அத்தான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

முதல் பாட்டு முடிந்தது. ஸ்கேன் மெஷினும் தன் பங்குக்கு டொக் டொக்கென்று இடித்துக்கொண்டிருந்தது.

நான் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அசையக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்தான். ஆனால் அக்கா எப்போது யார் சொன்னதைக் கேட்டாள்? அசைக்கட்டும். படம் கெடட்டும். முதலிலிருந்து எடுக்கட்டும். சாயங்காலம் வரைக்கும் இந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

கிதார் நின்றது. பியானோவும் நின்றது.

டிரம்ஸ் தனியாக ஓடியது. நான் உதட்டுக்குள் எண்ணினேன். ஏழு, ஏழு, ஐந்து, ஏழு.

போர்வைமேல் கை கிடந்தது.

எண்ணிக்கொண்டே இருந்தேன். அந்த இடம் முடிந்து கிதார் திரும்ப வந்துவிட்டது.

“சில பேர் காலாட்டிக்கிட்டே இருப்பாங்க சார். இவங்க சமத்து, விரல்கூட அசையலை,” என்றார் அந்தப் பெண்மணி.

நன்றி சொன்னேன். ஒருவேளை இந்தத் தடவை சொல் பேச்சு கேட்டு அடக்கிக்கொண்டாளோ என்னவோ. வயசாகிறது, அடக்கம் வந்திருக்கும். அக்காவுக்கு அடக்கம் வரவேண்டும் என்று வாழ்க்கையில் முதன்முறையாக வேண்டிக்கொண்டேன்.

ஸ்கேன் முடிந்து மேஜை வெளியே வந்தது. உள்ளே போய் நின்றேன். ஹெட்போனைக் கழற்றியதும் அக்கா என்னைப் பார்த்துத் திருட்டுச் சிரிப்பு சிரித்தாள்.

“அந்த இடம் வந்ததும் கையை அடக்க முடியலைடா. முழுசா வாசிச்சிட்டேன். படம் கெட்டுப்போச்சா?”

அந்தப் பெண்மணி வாய் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“கெட்டா கெட்டுப்போகுது. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்க்கா. ஒரு அடிகூடத் தப்பலை.”