கோட்டோடு ஊறிய துணிகள்

"இது நாலாவது போர்வைங்க! கருநீலமா இருந்தது. இப்ப பாருங்க, சாம்பல் மாதிரி வெளிறிப்போய்க் கிடக்கு!"

மனைவி போர்வையை மூக்குக்கு நேராக நீட்டியபோது, விஞ்ஞானி கழுத்து டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இன்றைக்கென்று பார்த்து முடிச்சு சரியாக விழவில்லை.

"சோப்பை மாத்து."

"மூணு சோப்பு மாத்தியாச்சு."

"அப்ப மட்டமான துணி. கடைக்காரன் உன் தலையில கட்டிட்டான்."

அவள் கணக்கு டீச்சர். லேசில் விடுகிற ஆள் இல்லை. சமையலறைக் காலண்டரையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ரெண்டு மாசமா தேதி போட்டுக் குறிச்சிருக்கேன். தனியா நனைச்ச துணி எதுவும் வெளுக்கலை. உங்க லேப் கோட்டோட ஒரே வாளியில ஊறினதுதான் வெளுக்குது. அதுலயும் மழை நாள்ல வீட்டுக்குள்ள உலர்த்தினது அப்படியே இருக்கு. மொட்டை மாடியில காய்ஞ்சதுக்கு மட்டும்தான் இந்தக் கதி. உங்க கோட்டுல அப்படி என்னதான் ஒட்டியிருக்கு?"

"பொடி! வெறும் பொடி!" என்று சீறினான். "அது எதையாவது செஞ்சிருந்தா நான் ஏன் இப்படிப் புலம்பறேன்? மூணு வருஷமா உயிரைக் கொடுத்துப் பார்த்துட்டேன். போட்டது போட்டபடி சும்மா கிடக்குது. இன்னைக்கு ஆராய்ச்சியை மூடறதுக்குக் குழு வருது. ஆராய்ச்சியும் போச்சு, வேலையும் போச்சு. நீ என்னடான்னா போர்வைக்கு அழறே!"

அவள் முகம் சுண்டிவிட்டது. அதைப் பார்த்ததும் அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"சாயங்காலம் புதுசு வாங்கித் தரேன், விடு."

"ஒண்ணும் வேண்டாம். இனிமே உங்க கோட்டைத் தனியா ஊறவெச்சுக்கறேன்."

அன்று மதியம் லேபுக்கு வந்த குழுவின் தலைவர் நல்ல மனிதர். ஒரு ஆராய்ச்சியை மூடுவதற்கு முன்னால் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்கிறவர்.

"வேற வழியே இல்லையா தம்பி? லேப் விளக்கை விட்டுட்டு, சும்மா வெளியில வெயில்ல வெச்சுப் பார்த்தீங்களா?"

"வெயில்லயா சார்?" அந்த நிலைமையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது நிமிஷத்துக்கு ஒரு மாதிரி அடிக்கும். அதை நம்பித் துணி காயப்போடலாம், ஆராய்ச்சி பண்ண முடியாது."

தலைவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் படிவத்தை அவன் பக்கம் நகர்த்தினார். குழுவின் மற்ற இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கடைசிக் கட்டத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டான்:

'கழிவுநீரில் கலந்துள்ள துணிச் சாயத்தை, வெளிச்சம் பட்டதும் அழிப்பதற்கான நானோ பொடி: முழுத் தோல்வி. மூன்று வருடத்தில் ஒரு சொட்டுச் சாயம்கூட வெளுக்கவில்லை.'