தயாரித்தவர் பெயர்

பழைய மின் பாகங்களை அடையாளம் காணும் அலுவலகத்தில், அங்கே வேலை பார்க்கும் பவளக்கொடி, பீர்முகமது கொண்டுவந்த மின்சில்லை ஐந்தாவது முறையாகப் பதிவேட்டு எந்திரத்திடம் காட்டினாள்.

"இப்படியொரு பொருள் தயாரிக்கப்படவே இல்லை" என்றது எந்திரம்.

"அப்ப என் பொண்ணோட காது மெஷினுக்குள்ள இருவது வருசமா இருந்தது என்னங்க?" என்று பீர்முகமது கத்தினார். "இது நின்னதுலேருந்து அவளுக்கு ஒண்ணுமே கேக்கல. பதிவுல இல்லாததைத் தொட்டா ஜெயிலுன்னு எல்லாக் கடைக்காரனும் விரட்டுறான்."

பவளக்கொடி சில்லைத் திருப்பினாள். அடியில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பு சில்லுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆறு வருடம், தான் சோதித்த ஒவ்வொரு சில்லிலும் அவள் வைத்த பொட்டு அது. மாடல் பழுதாகத் தொடங்கியதும் கம்பெனி அதைப் பதிவேட்டிலிருந்தே துடைத்துவிட்டிருக்கிறது.

"பாவிங்க! நாங்க செஞ்சதையே இல்லைன்னுட்டானுங்களே!"

'அடையாளம் இல்லை' முத்திரையைக் குப்பைத்தொட்டியில் வீசினாள். படிவத்தில் தயாரித்தவர் பெயர் கேட்ட இடத்தில், தாள் கிழியும்படி அழுத்தித் தன் பெயரை எழுதினாள்.

பீர்முகமது பதறினார். "பழுதான சில்லுக்குக் கேஸு உங்க மேலதானே வரும்மா!"

"வரட்டும் பாய். எந்தக் கம்பெனியில செஞ்சேன்னு கோர்ட்டு என்னைக் கேட்டுத்தானே ஆகணும்?"