வெல்லம் கரையும் குளம்

"நீ கரைச்சா பலிக்காதுப்பா குமரகுரு! இங்க குடு அத!"

சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவனின் கையிலிருந்து வெல்லக்கட்டியைப் பிடுங்கிக்கொண்டாள் எதிர்வீட்டுப் பட்டம்மாள். அவள் கண்ணுக்குத் தப்பி அந்தத் தெருவில் ஒரு பூனைகூடப் பால் குடித்ததில்லை.

"கட்டி யாருக்கு வந்துச்சோ அவங்க கையாலதான் போடணும். வலிக்கிற எடத்துல தொட்டு எடுத்து, குளத்துல வுட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துடணும். வெல்லம் கரையுற மாதிரி கட்டியும் கரைஞ்சுடும். பொண்டாட்டிக்குப் பதிலா இவரு கெளம்பிட்டாரு பாரு!"

குமரகுரு அசடு வழிய நின்றான். உள்ளேயிருந்து வள்ளி வந்தாள்.

"குடுக்கா, நானே போறேன்" என்று வெல்லத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"தனியாவா? நானும் வரேன் இரு" என்றாள் பட்டம்மாள்.

ஆஸ்பத்திரியில் மார்புக் கட்டிக்குப் பார்க்கிற அறைக்கு வெளியே, பெண்கள் நிறைந்த பெஞ்சில் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்ததைப் பட்டம்மாள்தான் பார்த்துவிட்டு வந்தாள். அன்று விளக்கு வைப்பதற்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஊசி குத்திச் சதை எடுத்திருக்கிறார்கள். என்ன கட்டி என்று நாளைக்குத்தான் தெரியும்.

அதிலிருந்து வள்ளி குடத்தைத் தொட்டால் யாராவது ஓடிவந்து வாங்கிக்கொள்கிறார்கள். யார் வீட்டிலிருந்தாவது ரசம் வருகிறது. "ராத்திரியில ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டால், "ஒருக்களிச்சுப் படுத்தாலே உசுரு போவுதுக்கா" என்பாள். கேட்டவளுக்குக் கண் கலங்கிவிடும். குமரகுரு மெல்ல உள்ளே நகர்ந்துவிடுவான்.

அவன் தறியில் உட்கார்ந்தும் நாளாயிற்று. பாதி நெய்த மாம்பழ நிறப் புடவை அப்படியே நிற்கிறது. "பொண்டாட்டி இப்படி இருக்கும்போது தறிப் பலகைய இழுக்கக் கை வருமா, பாவம்" என்று தெரு அவனுக்காகவும் உருகியது.

மூவரும் நடந்தார்கள். இரண்டு பக்கமும் தறிகள் தடதடத்தன. ஆனால் வள்ளிக்கு அந்தச் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. சில நாட்களாகவே எல்லாம் இப்படித்தான். பால்காரர் பேசுகிறார், பேருந்து போகிறது, எதுவும் காதுக்குள் முழுசாக வந்து சேர்வதில்லை. நாளை என்ற ஒன்று விடியாமல், இந்த மஞ்சள் வெயில் இப்படியே நின்றுவிட்டால் தேவலை என்று நினைத்தாள்.

"இந்தப் புழுக்கத்துல முழுக்கைச் சட்டைய மாட்டிக்கினு வரான் பாரு. கவலையில மனுஷனுக்கு உடம்பே மரத்துப் போச்சு" என்றாள் பட்டம்மாள்.

குளத்தில் கோபுரம் தலைகீழாக மிதந்துகொண்டிருந்தது. ஒரு மீன் துள்ளியதும் அது கலைந்து, ஆடி ஆடி, மறுபடி ஒன்று சேர்ந்தது. வள்ளி அதையே பார்த்துக்கொண்டு கடைசிப் படிவரை இறங்கிவிட்டாள். தண்ணீர் கால் விரல்களை நனைத்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பதே தெரிந்தது.

"நீ மெதுவா போடும்மா. நான் உள்ள போயி அம்மனுக்கு ஒரு வெளக்கு வச்சிட்டு வரேன். கூச்சமா இருந்தா அவன அந்தாண்ட திரும்பிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பட்டம்மாள் படியேறிப் போனாள்.

குமரகுரு வள்ளியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தண்ணீரில் வெளிச்சம் சாயம் அலசிவிட்டாற்போல் சிவந்துகொண்டு வந்தது.

"எனக்கு பயமா இருக்குது வள்ளி."

"எனக்கும்தான்" என்றாள் அவள். பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "ஆனா ஒண்ணும் இருக்காதுங்க. டாக்டரு முகத்துல ஒண்ணும் தெரியல, இல்ல?"

"அவரு நம்ம முகத்த எங்க பாத்தாரு? கம்ப்யூட்டரத்தான் பாத்துக்கினு இருந்தாரு."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் வள்ளியின் கண்ணில் நீர் நின்றது.

"எவ்ளோ நாளைக்கு இப்படி? கேக்குறவங்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கினு..." என்றான் குமரகுரு.

"சொன்னா இன்னா? வாயா வலிக்குது?"

முடிச்சை அவிழ்த்தாள். வெல்லம் வியர்வையில் இளகி முந்தானையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே திரும்பிப் பார்த்தாள். பட்டம்மாள் கோயிலுக்குள் போய்விட்டிருந்தாள்.

வள்ளி வெல்லத்தைப் பிய்த்தெடுத்துப் புருஷனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"யாரும் இல்ல. சீக்கிரம் சட்டைய அவுத்து, மாருல தொட்டு எடுத்து நீங்களே போடுங்க. ஆம்பளைக்கு இங்கயா கட்டி வரும்னு ஊரு சிரிக்குமேன்னுதானே பயப்படுறீங்க? தெருவுக்கு அது என் கட்டியாவே இருந்துட்டுப் போவட்டும்."