கழட்டாத கொலுசு

மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கினே சொல்றேன். முடிக்கறதுக்குள்ள சொல்லிடணும்.

எங்க சபையில ஞானஸ்நானம் எடுக்கிறவங்க நகையைக் கழட்டிட்டுத்தான் தண்ணியில இறங்கணும். உடம்பு அலங்காரம் பாவம்.

அன்னிக்குக் கோமுகி ஆத்தங்கரையில நிர்மலா தோடு, மூக்குத்தி, வளையல் எல்லாம் கழட்டிட்டா. கொலுசை மட்டும் கழட்டல. அதுல ஜாஸ்தி சலங்கை. ஜெப நேரத்துல அவ எழுந்தா சபையே திரும்பிப் பாக்கும்.

சபையில மூத்தவங்க ராதிகாக்காவுக்குக் கோவம். அவங்க குந்துமணி தங்கம்கூட தொடாதவங்க. அதைச் சொல்லிக்கவும் தயங்க மாட்டாங்க.

"ஆத்துமா கர்த்தருக்கு, காலு மட்டும் ஊரு பாக்கவா?"

நாங்க வாயைப் பொத்திக்கினு சிரிச்சோம்.

பாஸ்டர் மட்டும், தேவன் மனுஷனுக்குச் சுயாதீனம் குடுத்திருக்காரு, கட்டாயத்துல கழட்டுறது காணிக்கை ஆகாது, அவளே முடிவு பண்ணட்டும்னாரு.

நிர்மலா கரையைப் பாத்தா. அவ மாமியார் செல்லியம்மாள் குந்திக்கினு இருந்தாங்க. சபைக்காரங்க இல்ல, ஆனா மருமக எங்க போனாலும் பின்னாடியே வருவாங்க. வேவு பாக்குறாங்கன்னு கேலி பண்ணுவோம்.

"இங்கயே இரு அத்தை, வந்துடறேன்"னு சொல்லிட்டு, கொலுசைக் கழட்டி ராதிகாக்கா கையில குடுத்துட்டு இறங்கினா.

கொஞ்ச நேரத்துல செல்லியம்மாள் எழுந்தாங்க. "நிர்மலா, எங்கடி இருக்க?"

காத்தைத் துழாவிக்கினே நேரா ஆழத்துப் பக்கம் நடந்தாங்க.

அப்பதான் புரிஞ்சுது. அவங்களுக்குக் கண்ணு சுத்தமா போயிடுச்சு, மருமக கொலுசுச் சத்தத்தைப் புடிச்சுத்தான் பின்னாடியே வந்திருக்காங்க. தெரிஞ்சா மவன் கரியாலூர்ல இருக்கிற மக வூட்டுக்கு அனுப்பிடுவான்னு, யாருக்கும் சொல்லாதன்னு மருமககிட்ட வாக்கு வாங்கியிருக்காங்க; அப்புறமா நிர்மலாவே சொன்னா.

நாங்க கத்தறதுக்குள்ள ராதிகாக்கா கொலுசை ஓங்கி ஆட்டினாங்க. ஜல், ஜல்.

செல்லியம்மாள் நின்னாங்க. திரும்பினாங்க. சிரிச்சுக்கினே சத்தத்தைப் புடிச்சு வந்தாங்க.

ராதிகாக்கா அழுதுக்கினே ஆட்டினாங்க. "மொட்டைக் காதுன்னு பெருமைப்பட்டேனே, அதுதான் என் அலங்காரம்."

அந்தச் சத்தத்துலயே நிர்மலா முழுகி எழுந்தா. கரை முழுக்க அல்லேலூயா.

செல்லியம்மாளை யாரும் எங்கயும் அனுப்பல. நிர்மலா இப்ப கள்ளக்குறிச்சிக்கு ஜவுளிக்கடை வேலைக்குப் போறா. போறப்ப கொலுசைக் கழட்டி, வாரத்துக்கு ஒருத்தியா எங்ககிட்ட குடுத்துட்டுப் போவா. போன வாரம் அதைப் போட்டுக்கினு தெருவுல செல்லியம்மாளுக்கு முன்னாடி நடந்தது யாரு? நம்ம ராதிகாக்காதான்.

இந்த வாரம்... இதோ, செல்லியம்மாள் வாசல்ல கூப்புடுறாங்க. கையைக் கழுவிக்கினு, ஜல்லு ஜல்லுன்னு நான் கெளம்பறேன்.