ஓடும் படகில் அறாத இணையம்

“நடுக்கடலில லைன் அறுந்துபோச்சு! திரை முழுக்கக் கறுப்பு! வெளிநாட்டுக்காரருக்கு முன்னால என்ர மானமே போச்சு!”

திட்ட அதிகாரி ஆனந்தராசா மேசையில் அடித்தார். எதிரே பொறியியலாளர் றம்ஸியா தலை குனிந்து நின்றாள்.

யுத்தம் மூதூர்த் தரைப்பாதையை மூடியிருந்த காலம். திருகோணமலைக்கு வரப் படகுதான் வழி. அந்தப் படகுக்கு இணையம் கொடுப்பது இவர்கள் திட்டம். படகில் ஒரு பெட்டி இருக்கும். ஏறுகிறவர்களின் கணினி, போன் எல்லாம் அதோடுதான் இணையும். படகு நகர நகர, பெட்டி மூதூர்க் கோபுரத்தை விட்டுத் திருகோணமலைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். இடையில் லைன் அறக்கூடாது. அதற்குத்தான் றம்ஸியாவுக்குச் சம்பளம். இன்று, திட்டத்தைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரருக்குப் படகுக் கமராவின் நேரடிக் காட்சியைக் கரையில் திரையிட்டிருந்தார்கள்.

“ஏன் அறுந்தது?”

“கடல் கொந்தளிப்பு, சேர்.”

“சாட்டுச் சொல்லாதையும். நாளையிலயிருந்து நீர் வரத் தேவையில்லை.”

வீட்டில் உழைப்பவள் அவள் ஒருத்திதான். கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்துப் படகோட்டி கதிரவேல், படகில் கட்டியிருந்த விளம்பரப் பதாகையை ஈரத்தோடு சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

“கழுவினனான் சேர். கறை போகுதில்லை.”

“என்ன கறை?”

“தங்கச்சி சொல்லேல்லையோ? கோணேஸ்வரி எண்டு ஒரு பிள்ளைத்தாச்சி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரேக்க, படகிலயே வலி வந்திட்டுது. உங்கட கமரா தூணில இறுக்கிக் கிடக்கு, திருப்ப ஏலாது. தங்கச்சிதான் ஓடிப்போய் அதின்ர வயரைப் புடுங்கினது. பொம்பிளையள் இதைச் சுத்திவரப் பிடிச்சு மறைச்சவை. ஆம்பிளைப்பிள்ளை, சேர்!”

“கதிரவேலண்ணை, ஏன் சொன்னனீங்க?” என்றாள் றம்ஸியா மெதுவாக.

ஆனந்தராசா கதிரையில் இருந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தாயும் பிள்ளையும் சுகமோ?”

“ஓம் சேர். வார்டில இருக்கினம்.”

“நல்லது. றம்ஸியா, உம்மட வேலை எங்கயும் போகாது.”

கதிரவேலுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. இப்படி ஒரு நல்ல மனிதரா! றம்ஸியா மட்டும் சிரிக்கவில்லை.

ஆனந்தராசா பதாகையை மேசையில் விரித்து, கறையை ஒருமுறை பார்த்தார்.

“புதுசா ஒண்டு அடிப்பம். வெளிநாட்டுக்காரர் வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்கதான் நிக்கினம். தாயையும் பிள்ளையையும் ஒருக்கால் திரும்பப் படகில ஏத்திக் கமராவுக்கு முன்னால இருத்துவம். இந்தமுறையாவது லைன் அறாமப் பாத்துக்கொள்ளும்!”