பன்னிரண்டாவது டாஸ்க்

செயற்கை சுவாசக் கருவிக்குள் ஓடும் கெர்னலை, எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்று முறைவைக்கும் மென்பொருளை, ஒரு மாதமாகச் சீர்படுத்திக்கொண்டிருக்கிறேன். அதில் நாங்கள் எழுதியது பதினொரு டாஸ்க்தான். ஆனால் தினமும் மாலை நாலு பத்துக்குத் திரையில் பன்னிரண்டாவதாக ஒன்று வந்து நிற்கிறது. அதற்குப் பெயர் இல்லை. முன்னுரிமை ஆகக் கடைசி என்பதால் அதன் முறை வருவதே இல்லை. நாற்பது நிமிஷம் காத்திருந்துவிட்டுத் தானாகப் போய்விடுகிறது. தலைகீழாக நின்றும் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"போர்டுதான் கோளாறு, மாத்திப் பாருங்க சார்," என்றாள் டெஸ்ட் செய்யும் பெண். மாற்றினேன். புதுப் போர்டிலும் நாலு பத்துக்கு வந்தது.

வீட்டில் சொன்னதும் மனைவி துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"ஸ்கூல் விடுற நேரம். 'கேட்டுலயே நில்லும்மா, வேலைய முடிச்சிட்டு வந்துடறேன்'னு சொன்னது நீங்கதானே?"

மகள் அன்று நாற்பது நிமிஷம் நின்றுவிட்டுத் தனியாகச் சாலையில் இறங்கினாள். லாரிக்காரன் பார்க்கவில்லை.

மறுநாள் அந்தப் பன்னிரண்டாவது டாஸ்க்குக்கு முதல் முன்னுரிமை கொடுத்தேன். மற்ற பதினொன்றும் வழிவிட்டு நின்றன. மேஜைமேல் இருந்த கருவி மூச்சை நிறுத்தியது. பன்னிரண்டாவது மட்டும் நகரவில்லை. காத்திருக்கிறது என்றே திரை காட்டியது.

நாலு நாற்பத்தொன்பதுக்கு, "போகாதம்மா, வந்துட்டேன்," என்றேன். டெஸ்ட் செய்யும் பெண் திரும்பிப் பார்த்தாள்.

நாலு ஐம்பதுக்கு அது கிளம்பிவிட்டது.