நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு

மகளின் பிறந்தநாள் விருந்துக்குக் கடல் அலங்காரம்தான் வேண்டும் என்று கணவன் முடிவு செய்திருந்தான். பெரிய மேசைக்கான வெள்ளைத் துணியைக் கூடத்துத் தரையில் விரித்து, சகாயமேரி ஓரத்திலிருந்து உள்நோக்கி வரைந்துகொண்டே வந்தாள். மீன்கள், பாசி, அலைகள். நிமிர்ந்தபோது, அவள் உட்கார்ந்திருந்த முறத்தளவு இடம் தவிர நான்கு பக்கமும் ஈர நீலம்.

“மிதிச்சுடாதே, காயட்டும்,” என்றான் கணவன்.

விருந்தாளிகள் வந்தார்கள். சுவரை ஒட்டி நடந்து மீன்களைப் பாராட்டினார்கள். கேக்கை முக்காலியில் வைத்து வெட்டினார்கள். அவள் அங்கிருந்தே கை தட்டினாள். மகள் ஒரு பலூனைக் கடலுக்கு மேலாக அவளிடம் தட்டிவிட்டாள்.

பலூனைப் பிடிக்க எட்டியபோது உள்ளங்கை ஒரு மீன்மேல் ஊன்றியது. கையைத் திருப்பிப் பார்த்தாள். நீலம் ஒட்டவில்லை. எப்போதோ காய்ந்திருந்தது.

“இன்னும் எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்ப?” அடுக்களையிலிருந்து மாமியார் கேட்டாள். “இருபது பேருக்குக் காபி போடணும். பாத்திரம் வேற குவிஞ்சு கிடக்கு.”

சகாயமேரி தூரிகையை நீலத்தில் தோய்த்து, அதே மீனின் மேல் மெதுவாக இன்னொரு பூச்சு பூசினாள்.

“இன்னும் காயல அத்தை.”